அயர்லாந்தின் தன்னாட்சிப் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இங்கிலாந்து தர மறுத்தது, ஐரிஷ்காரர்கள் துப்பாக்கி தூக்கினார்கள், நாடு கிடைத்தது" என்று இந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதை. 1914-இல் தன்னாட்சிச் சட்டம் அரசரின் கையெழுத்தோடு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது; ஆனால் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் மசோதாக்களின் பிரிவுகளையும் சபையின் தலைக்கணக்கையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அயர்லாந்துக்கு முன்பு சொந்த நாடாளுமன்றம் இருந்ததா? அது எப்படிப் போனது?

இருந்தது, டப்ளினில். ஆனால் அது சிறுபான்மைப் புராட்டஸ்டன்ட் நிலவுடைமையாளர்களின் சபை. பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் அதில் உறுப்பினராக முடியாது. 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, பிரெஞ்சுப் படை மறுபடி அயர்லாந்தில் இறங்கிவிடுமோ என்று பயந்த லண்டன் அரசு இரு நாடுகளையும் ஒன்றாக இணைக்க முடிவெடுத்தது. 1799-இல் டப்ளின் சபை அதை நிராகரித்தது. அடுத்த ஆண்டு பிரபுப் பட்டங்களும் பதவிகளும் தாராளமாக வழங்கப்பட்டன. ஒழிக்கப்படும் தொகுதிகளின் 'உரிமையாளர்'களுக்குத் தொகுதிக்கு 15,000 பவுண்டு இழப்பீடு. 1800-இல் அதே சபை தன்னையே கலைத்துக்கொள்ள ஓட்டுப் போட்டது. 1801 ஜனவரி 1 முதல் 300 பேர் இருந்த சபைக்குப் பதிலாக, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 100 ஐரிஷ் இடங்கள்.

இணைப்போடு கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமையும் வரும் என்று பிரதமர் பிட் நம்பிக்கை கொடுத்திருந்தார். மூன்றாம் ஜார்ஜ் அரசர் ஒப்பவில்லை. டேனியல் ஓ'கானலின் போராட்டத்தால் அந்த உரிமை வர 1829 ஆயிற்று. இணைப்பின் மீதான அவநம்பிக்கை இந்த 28 ஆண்டுகளில் வேர்விட்டது.

ஹோம் ரூல் (தன்னாட்சி) என்றால் முழுச் சுதந்திரமா?

இல்லை. 1870-இல் ஐசக் பட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய கோரிக்கை இது. டப்ளினில் ஒரு சபை, அதற்குப் பொறுப்பான அமைச்சரவை, உள்நாட்டு விவகாரங்கள் அவர்கள் கையில். அரசர், படை, வெளியுறவு, நாணயம் லண்டன் கையில். 1912 மசோதாவில் முதியோர் ஓய்வூதியம், தேசியக் காப்பீடு, நிலம் வாங்கும் திட்டம் எல்லாமே லண்டன் பட்டியலில்தான் இருந்தன. காவல்துறைகூட முதல் ஆறு ஆண்டுகள் டப்ளினுக்குக் கிடையாது. இன்றைய இந்திய மாநிலம் ஒன்றின் அதிகாரத்தைவிடப் பல இடங்களில் குறைவு. இவ்வளவு குறைவான ஒன்றுக்கா உள்நாட்டுப் போர் அளவுக்குப் போனார்கள் என்று கேட்டால், ஆம்.

நூறு பேரை வைத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் என்ன சாதிக்க முடிந்தது?

பட் காலத்தில் அதிகமாக ஒன்றுமில்லை. நல்ல பேச்சுகள், தோற்கும் தீர்மானங்கள். 1880-இல் தலைமைக்கு வந்த சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் மூன்று கருவிகளைக் கையாண்டார்.

முதலாவது முட்டுக்கட்டை. அப்போது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் விவாதத்தை முடித்துவைக்க விதியே இல்லை. ஜோசப் பிக்கர் என்ற உறுப்பினர் அரசு அறிக்கைகளை எடுத்து வைத்து மணிக்கணக்கில் வாசிப்பார். 1881 ஜனவரி 31-ஆம் தேதி தொடங்கிய அமர்வு தொடர்ந்து 41 மணி நேரம் ஓடியது. பிப்ரவரி 2 காலை சபாநாயகர் பிராண்ட் எந்த விதியும் இல்லாமல், தன் பொறுப்பிலேயே விவாதத்தை வெட்டி வாக்கெடுப்புக்கு விட்டார். விவாதத்தை முடித்துவைக்கும் விதி அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இன்றைய நேரக் கட்டுப்பாடுகளுக்கு ஐரிஷ்காரர்கள்தான் காரணம் என்பது அவர்களே எதிர்பார்த்திராத வேடிக்கை.

இரண்டாவது உறுதிமொழி. 1884 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் கையெழுத்திட வேண்டும்: கட்சியோடு அமர்வேன், கட்சியோடு வாக்களிப்பேன், மீறியதாகப் பெரும்பான்மை கருதினால் பதவி விலகுவேன். உறுப்பினர்களுக்கு 1911 வரை அரசுச் சம்பளம் கிடையாது. வசதியில்லாத உறுப்பினர்களுக்கு, அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பணத்தை வைத்துக் கட்சியே படி கொடுத்தது. கட்டுப்பாடு நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது தலைக்கணக்கு. 1885 தேர்தல் முடிவு: லிபரல் 335, கன்சர்வேடிவ் 249, பார்னெல் கட்சி 86. பின்னிரண்டையும் கூட்டினால் சரியாக 335. பார்னெல் ஒரு பக்கம் சாய்ந்தால் யாரும் ஆள முடியாது, மறுபக்கம் சாய்ந்தால் லிபரல் ஆட்சி. லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் ஹோம் ரூலுக்கு மாறியதில் கொள்கையும் உண்டு, இந்தக் கூட்டலும் உண்டு.

நிலப் பிரச்சினைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிலப் பிரச்சினை இல்லாமல் ஹோம் ரூல் நகர வழக்கறிஞர்களின் கோரிக்கையாகவே இருந்திருக்கும். 1879-இல் மைக்கேல் டேவிட் தொடங்கிய நிலக் கழகம் குத்தகை விவசாயியை அரசியலுக்கு இழுத்து வந்தது. குத்தகையைக் குறைக்காத மேயோ மாவட்ட நில நிர்வாகி கேப்டன் பாய்காட்டுடன் 1880-இல் ஊரே பேச்சுவார்த்தை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நிறுத்தியது. அவர் பயிரை அறுக்க வடக்கிலிருந்து 50 ஆட்கள், அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள். அறுத்த பயிரின் விலையைப்போலப் பல மடங்கு காவலுக்கே செலவாயிற்று.

கடைசியில் இதைத் தீர்த்தது 1903-இன் விண்டம் சட்டம். விற்கும் நிலக்கிழாருக்கு அரசு 12% ஊக்கத்தொகை. வாங்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 3.25% வீதம், 68½ ஆண்டுத் தவணை. நிலம் கிடைத்துவிட்டால் ஹோம் ரூல் ஆசை அடங்கிவிடும் என்று கன்சர்வேடிவ்கள் கணக்குப் போட்டார்கள். நிலம் கைமாறியது, ஆசை அடங்கவில்லை. அந்தத் தவணைப் பணத்தை லண்டனுக்கு அனுப்ப முடியாது என்று 1932-இல் டப்ளின் அரசின் தலைவர் டி வலேரா நிறுத்தியதும் ஆறு ஆண்டு வர்த்தகப் போர் மூண்டது. 1938-இல் மொத்தமாக ஒரு கோடி பவுண்டு கொடுத்துத்தான் அந்தக் கணக்கை முடித்தார்கள்.

மூன்று மசோதாக்களும் எங்கே மாட்டிக்கொண்டன?

1886 மசோதா காமன்ஸ் சபையிலேயே விழுந்தது: ஆதரவு 311, எதிர்ப்பு 341. கிளாட்ஸ்டனின் சொந்தக் கட்சியினர் 93 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 1893 மசோதா காமன்ஸில் 34 வாக்கு வித்தியாசத்தில் தேறியது. ஒரே வாரத்தில் மேலவையான பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்று தூக்கி எறிந்தது. 1912 மசோதாவைப் பிரபுக்களால் தாமதப்படுத்த மட்டுமே முடிந்தது.

எண்ணிக்கையைவிட, வரைவிலேயே இருந்த இரண்டு முடிச்சுகளைக் கவனிக்க வேண்டும். எந்த அமைச்சரவையாலும் இவற்றை முழுதாக அவிழ்க்க முடியவில்லை.

ஒன்று, டப்ளினில் சபை வந்த பிறகு வெஸ்ட்மின்ஸ்டரில் ஐரிஷ் உறுப்பினர்கள் இருக்கலாமா? 1886-இல் கிளாட்ஸ்டன் வேண்டாம் என்றார். அப்படியானால் சுங்கவரியை லண்டன் விதிக்கும், அதைக் கேட்க அங்கே ஐரிஷ் குரலே இருக்காது. 1893-இல் 80 பேர் இருக்கட்டும், பேரரசு விவகாரங்களில் மட்டும் வாக்களிக்கட்டும் என்றார். எது பேரரசு விவகாரம், எது உள்நாட்டு விவகாரம் என்று பிரிக்க முடியாமல் அந்த வரியை நீக்கினார்கள். உடனே, 'நாங்கள் டப்ளின் விவகாரத்தில் தலையிட முடியாது, அவர்கள் மட்டும் எங்கள் பள்ளிச் சட்டத்துக்கு வாக்களிப்பார்களா?' என்று இங்கிலாந்தில் கொதித்தார்கள். 1912-இல் 42 பேர் என்று நடுவில் நின்றார்கள். தீர்வு அல்ல, சமாளிப்பு.

மற்றொன்று பணம். 1886-இல் பேரரசுச் செலவில் அயர்லாந்தின் பங்கு பதினைந்தில் ஒன்று என்று வைத்தார்கள். பார்னெலுக்கு அதுவே அதிகம். 1909-இல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் வந்ததும் கணக்கு தலைகீழானது: அயர்லாந்திலிருந்து வரும் வரியைவிட அங்கே செய்யும் செலவு அதிகம். அயர்லாந்தில் பொதுப் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால், எழுபதைத் தாண்டியவர்களின் வயதை நிரூபிக்க 1841, 1851 குடிக்கணக்கு ஏடுகளைப் புரட்டவேண்டி வந்தது. இப்படிப் பற்றாக்குறையில் ஓடும் நாட்டுக்கு வரி அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1912 மசோதா தந்த பதில் பல பக்கச் சிக்கல். அதை முழுதாகப் புரிந்துகொண்ட உறுப்பினர்கள் குறைவு.

1911-இல் பிரபுக்களின் வீட்டோ போனது எப்படி?

1909 வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் நிராகரித்ததால் 1910-இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. இரண்டிலும் லிபரலும் கன்சர்வேடிவும் ஏறக்குறைய சமம். ஜான் ரெட்மண்டின் ஐரிஷ் கட்சி மறுபடியும் தராசின் முள்ளாகியது. அதன் ஆதரவோடு நிறைவேறிய 1911 நாடாளுமன்றச் சட்டத்தின்படி, காமன்ஸ் ஒரே மசோதாவை மாற்றாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்தொடர்களில் நிறைவேற்றினால், பிரபுக்கள் ஒப்பாவிட்டாலும் அது சட்டமாகும். குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் எதிர்ப்பாளர்களுக்கும் கிடைத்தன. மாற்றாமல் நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையால், இடையில் வடக்கு மாகாணமான அல்ஸ்டருக்குச் சலுகை எழுதவும் வழியில்லை. மசோதாவை 1912 ஏப்ரலில் கொண்டு வந்தபோதே அந்தச் சலுகையைப் பிரதமர் ஆஸ்க்வித் உள்ளே வைத்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டது அவருடைய பெரிய பிழை என்பது எங்கள் கருத்து.

அல்ஸ்டர் ஏன் எதிர்த்தது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அல்ஸ்டர் ஒன்பது மாவட்டங்கள் கொண்ட பழைய மாகாணம். இன்றைய வட அயர்லாந்து அதில் ஆறு மட்டும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் கணக்கு எல்லாமே தப்பும்.

அங்கிருந்த புராட்டஸ்டன்ட்களுக்கு டப்ளின் சபை என்றால் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சி என்ற அச்சம். பெல்பாஸ்டின் கப்பல் கட்டுமானமும் லினன் ஆலைகளும் பிரிட்டிஷ் சந்தையை நம்பியிருந்தன. 1912 செப்டம்பர் 28-ஆம் தேதி எட்வர்ட் கார்சன் தலைமையில் 2,37,368 ஆண்கள் ஹோம் ரூலை எதிர்க்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2,34,046 பெண்கள் தனி உறுதிமொழியில். 1913 ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை. 1914 மார்ச்சில் அயர்லாந்திலிருந்த கரஃ ராணுவ முகாமின் குதிரைப்படை அதிகாரிகள் பலர், அல்ஸ்டருக்கு எதிராக அனுப்பினால் பதவி விலகுவோம் என்றார்கள். படையை நம்ப முடியாது என்று அரசுக்குப் புரிந்த நாள் அது.

அடுத்த மாதம் 24-ஆம் தேதி இரவு லார்ன் துறைமுகத்தில் சுமார் 25,000 துப்பாக்கிகள் இறங்கின. மோட்டார் கார்கள் வரிசையில் நின்று விடிவதற்குள் ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சேர்த்தன. ஒரு சிக்கல்: ஆஸ்திரிய மான்லிக்கர், ஜெர்மன் மௌசர், பழைய இத்தாலிய வெட்டர்லி என்று மூன்று வகை. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் போகாது. போர் மூண்டிருந்தால் தோட்டா விநியோகமே அவர்களைத் திணறடித்திருக்கும்.

மாகாணம் முழுவதும் ஒரே குரல் என்று நினைக்க வேண்டாம். 1913 ஜனவரி டெரி இடைத்தேர்தலுக்குப் பிறகு அல்ஸ்டரின் 33 உறுப்பினர்களில் 17 பேர் ஹோம் ரூல் ஆதரவாளர்கள், 16 பேர் எதிர்ப்பாளர்கள். ஆன்ட்ரிம், டவுன், ஆர்மா, லண்டன்டெரி நான்கிலும் எதிர்ப்பாளர்கள் தெளிவான பெரும்பான்மை. டோனகல், காவன், மொனகன் மூன்றும் கத்தோலிக்கப் பெரும்பான்மை. நடுவில் டைரோனும் ஃபெர்மனாவும்: இரண்டிலும் கத்தோலிக்கர் சுமார் 55–56%. 1914 ஜூலையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் நான்கு நாள் பேசியும் இந்த இரண்டு மாவட்டங்களை யாருக்கு என்று பிரிக்க முடியாமல் கலைந்தார்கள்.

சட்டமான பிறகு ஏன் அமலாகவில்லை?

1914 ஆகஸ்டில் உலகப் போர். செப்டம்பர் 18-இல் அரசர் ஒப்புதல் தந்தார். அதே நாளில் அதை நிறுத்திவைக்கும் சட்டத்துக்கும் ஒப்புதல் தந்தார். போர் சில மாதங்களில் முடியும் என்ற நம்பிக்கையில் ரெட்மண்ட், ஐரிஷ் இளைஞர்கள் பிரிட்டிஷ் படையில் சேரவேண்டும் என்றார். ஹோம் ரூல் ஆதரவாளர்களின் ஐரிஷ் தொண்டர் படை உடைந்தது. பெரும்பகுதி அவரோடு, சில ஆயிரம் பேர் மட்டும் பேராசிரியர் ஓவன் மெக்நீலோடு விலகினார்கள். அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் 1916 வந்தது.

1916 கிளர்ச்சி தோற்றுப்போனது. பிறகு எப்படி எல்லாவற்றையும் மாற்றியது?

ராணுவ ரீதியில் அது தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிட்டது. ஜெர்மனியிலிருந்து 20,000 துப்பாக்கிகளோடு வந்த கப்பல் பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டது. மெக்நீல் ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பை ரத்து செய்தார். ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று டப்ளினில் ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் இறங்கினார்கள். ஆறு நாளில் முடிந்தது. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பொதுமக்கள்; நகரத்தில் பலர் கிளர்ச்சிக்காரர்கள் மீதுதான் கோபப்பட்டார்கள்.

அந்தக் கோபத்தைத் திசை திருப்பியது ராணுவ நீதிமன்றம். மே 3 முதல் 12 வரை 15 பேரைச் சுட்டார்கள். ஒரே நாளில் அல்ல, பத்து நாளில் சிலர் சிலராக. கணுக்காலில் குண்டு பாய்ந்து நிற்க முடியாத கிளர்ச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அடுத்தடுத்துச் செய்தித்தாளில் புதிய பெயர்கள். 1918 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேர்ப்பை அயர்லாந்துக்கும் நீட்டும் சட்டம் வந்ததும் எஞ்சிய நம்பிக்கையும் போயிற்று.

1918 டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் குடியரசு கேட்ட ஷின் ஃபேன் கட்சி 73, பிரிட்டனோடு இணைப்பை விரும்பிய யூனியனிஸ்டுகள் 26, ரெட்மண்டின் பழைய கட்சி 6. ஷின் ஃபேன் இடங்களில் 25 போட்டியின்றிக் கிடைத்தவை. வென்றவர்கள் லண்டனுக்குப் போகாமல் 1919 ஜனவரி 21-இல் டப்ளினில் டாயில் என்ற சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். பலர் சிறையில் இருந்ததால் வந்தவர்கள் 27 பேர்தான்.

பிரிவினையைக் கொண்டுவந்தது லண்டனும் டாயில் தரப்பும் செய்துகொண்ட 1921 ஒப்பந்தமா?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தவறு. பிரித்தது 1920 அயர்லாந்து அரசுச் சட்டம். டப்ளினுக்கு ஒரு சபை, பெல்பாஸ்டுக்கு ஒரு சபை என்றது அது. ஒன்பது மாவட்டங்களை எடுத்தால் பெரும்பான்மை மெல்லியதாகிவிடும் என்று யூனியனிஸ்டுகளே ஆறைத் தேர்ந்தார்கள். காவன், மொனகன், டோனகல் யூனியனிஸ்டுகள் 1912-இல் அதே உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள், அவர்களைக் கைவிட்டார்கள். ஹோம் ரூலை எதிர்த்துப் படை திரட்டியவர்களுக்கே முதலில் ஹோம் ரூல் கிடைத்தது: 1921 ஜூனில் பெல்பாஸ்ட் சபையை அரசர் திறந்துவைத்தார். ஒப்பந்தம் கையெழுத்தானபோது எல்லை ஏற்கெனவே இருந்தது.

அந்த ஒப்பந்தத்தால் என்ன கிடைத்தது? எதற்காக உள்நாட்டுப் போர்?

1921 டிசம்பர் 6 ஒப்பந்தம் 26 மாவட்டங்களுக்குக் கனடாவைப் போன்ற டொமினியன் தகுதி தந்தது: சொந்தப் படை, சொந்த வரி, சொந்தச் சுங்கம். ஹோம் ரூலோடு ஒப்பிட்டால் பல படி மேலே. விலையாக அரசருக்கு விசுவாச உறுதிமொழியும், மூன்று துறைமுகங்களில் பிரிட்டிஷ் கடற்படையும். டாயில் 64-க்கு 57 என்று ஏற்றது. அங்கிருந்த ஆறு பெண் உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். நீண்ட அந்த விவாதத்தில் பிரிவினையைப் பற்றிய பேச்சு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. சண்டை முழுக்க உறுதிமொழியைச் சுற்றியே. 1922 ஜூன் முதல் 1923 மே வரை நடந்த உள்நாட்டுப் போரும் குடியரசா, அரசரா என்பதற்காகத்தான்.

எல்லை ஆணையம் ஏன் தோற்றது?

ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு. எல்லையை "மக்கள் விருப்பத்துக்கு ஏற்ப", ஆனால் பொருளாதார, நிலவியல் சூழலுக்குப் பொருந்தும் அளவுக்கு, என்று எழுதினார்கள். யாருடைய விருப்பம்? மாவட்டமா, ஊராட்சியா, கிராமமா? வாக்கெடுப்பு உண்டா? எதையும் எழுதவில்லை. டைரோனும் ஃபெர்மனாவும் முழுதாகத் தெற்குக்கு வந்துவிடும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் நம்பினார். ஆணையத் தலைவரான தென்னாப்பிரிக்க நீதிபதி ஃபீதம், சிறு திருத்தங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று படித்தார். 1925 நவம்பரில் ஒரு லண்டன் நாளிதழில் வரைபடம் கசிந்தது: தெற்கும் கொஞ்சம் நிலத்தை இழக்கும் என்றிருந்தது. டப்ளின் உறுப்பினரான மெக்நீல் விலகினார். டிசம்பர் 3-இல் எல்லை அப்படியே இருக்கட்டும், பதிலுக்குப் பிரிட்டிஷ் பொதுக் கடனில் டப்ளினின் பங்கைத் தள்ளுபடி செய்கிறோம் என்று முடித்தார்கள். அறிக்கை 1969 வரை வெளியாகவே இல்லை.

அயர்லாந்துத் தேர்தல் முறை வித்தியாசமானது என்கிறார்களே?

சிறுபான்மையினரைப் பாதுகாக்க 1920 சட்டத்திலேயே வந்த ஒற்றை மாற்று வாக்கு முறை அது. நம் மாநிலங்களவைத் தேர்தலிலும் இதே முறைதான். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவார். வெல்லத் தேவையான ஒதுக்கீடு: செல்லுபடியான வாக்குகளை, இடங்களோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, விடையோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான்கு இடத்துக்கு 50,000 வாக்குகள் என்றால் 50,000 ÷ 5 = 10,000; கூட்டல் ஒன்று, 10,001. மிகை வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். யாரும் எட்டாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் வாக்குகளைப் பிரிப்பார்கள். பெல்பாஸ்ட் அரசு இந்த முறையை 1922-இல் உள்ளாட்சியிலும் 1929-இல் சபையிலும் ஒழித்தது. பின்னாளில் வடக்கில் வெடித்த கோபத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. 1894-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃபிரட் வெப் என்ற ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். 1916 செப்டம்பரில் ஐரிஷ் வம்சாவளியினரான அன்னி பெசன்ட் அடையாறில் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார்; பெயரே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அதன் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் அரசு பெசன்டை ஊட்டியில் காவலில் வைத்தது. எதிர்ப்பு வலுக்கவே செப்டம்பரில் விடுவித்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: சென்னையில் அந்தப் பெயர் பரவியபோது, அயர்லாந்தில் ஹோம் ரூல் ஏற்கெனவே செல்லாக் காசாகிக்கொண்டிருந்தது. இந்திய அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளும் 1937 ஐரிஷ் அரசமைப்பைப் பார்த்து அமைந்தவை.

தெற்கு முழுக் குடியரசானது எப்போது?

படிப்படியாக. 1922-இல் சுதந்திர அரசு, 1937-இல் புதிய அரசமைப்பு, 1938-இல் துறைமுகங்கள் திரும்பின, 1949 ஏப்ரல் 18-இல் குடியரசு, காமன்வெல்த்திலிருந்தும் விலகல்.

வடக்கில் இப்போது தன்னாட்சி எப்படி இயங்குகிறது?

1972-இல் வன்முறை முற்றியபோது லண்டன் பழைய சபையை நிறுத்தியது. 1998 ஏப்ரல் 10 பெருவெள்ளி ஒப்பந்தம் புதிய சபையைத் தந்தது, வடக்கில் 71.1%, தெற்கில் 94.4% பேர் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். இப்போது 90 உறுப்பினர்கள். முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் பெயரில்தான் மேல் கீழ், அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். பூட்டும் சாவியும் இரு தரப்பிலும் இருப்பதால் 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் ஆட்சி முடங்கியது. 2024 பிப்ரவரியில் ஷின் ஃபேன் கட்சியின் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரானார். ஐக்கிய அயர்லாந்தை விரும்பும் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை.

இரு பகுதிகளும் இணைய வாக்கெடுப்பு வருமா? யார் நடத்த வேண்டும்?

வடக்கில் நடத்தும் அதிகாரம் லண்டன் அரசின் வட அயர்லாந்துச் செயலருடையது. இணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கலாம் என்று அவருக்குத் தோன்றினால் நடத்தியே ஆகவேண்டும். எந்த அளவுகோலால் தோன்ற வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். தெற்கும் தனியாக ஒப்புதல் தர வேண்டும். வடக்கில் ஒருமுறை நடந்தால் அடுத்ததற்குக் குறைந்தது ஏழு ஆண்டு இடைவெளி.